முள் நீக்கித் தரப்படும்

1898-ல் புத்தகமாக வந்த ஒரு நாவலில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் லண்டனைச் சூறையாடினார்கள். கடைசியில் உலகத்தைக் காப்பாற்றியவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். 2025-ல் அதே நாவலின் பெயரில் ஒரு படம் வந்தது. அதில் உலகத்தைக் காப்பாற்றியது ஒரு பார்சல்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ என்று பெயர். அமேசான் பிரைம் வீடியோவில் வந்தது. ஐஸ் க்யூப் என்ற நடிகர் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் உளவு பார்க்கும் அதிகாரி. நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையை முறைப்பதுதான் கிட்டத்தட்ட முழுப் படமும். மகள் என்ன தின்கிறாள் என்பதைக்கூட கேமரா வழியே வேவு பார்க்கும் பாசமிகு தகப்பன். வேற்றுக்கிரகத்தார் வந்து இறங்குகிறார்கள். அவர்களை அழிக்க ஒரு பென்டிரைவ் அவசரமாக வேண்டும். வருங்கால மருமகன் யார்? அமேசானில் டெலிவரி வேலை பார்ப்பவர். எதில் வரும் அந்தப் பென்டிரைவ்? அமேசான் டிரோனில். டிரோன் சும்மா கிளம்பாது, முறைப்படி ஆர்டர் போட வேண்டும். வெளியே நகரம் எரிகிறது, உள்ளே மனிதர் ஆர்டர் போடுகிறார். ஓ.டி.பி. கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். வழியில் டிரோன் கவிழ்ந்துவிடுகிறது. அதை நிமிர்த்தி வைக்கத் தெருவில் கிடக்கும் வீடற்ற ஒருவருக்குக் கிஃப்ட் கார்டு தருவதாக ஆசை காட்டுகிறார்கள். உலகம் அழியும் நாளிலும் ஏழைக்குக் கிடைப்பது கூப்பன்தான்.

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இந்தப் படம் முதல் நாட்களில் வாங்கிய மதிப்பெண் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் கொண்டாடி உலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு அலமாரியிலிருந்து ஹெச்.ஜி. வெல்ஸை எடுத்து முதல் அத்தியாயத்தைப் படித்தேன். சிரிப்பு அங்கேயே நின்றது.

அந்த முதல் அத்தியாயத்தில் வெல்ஸ் தன் வாசகனின் சட்டையைப் பிடிக்கிறார். செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று திட்டுவதற்கு முன்னால் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார். டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதே வருடத்தில் துடைத்து எடுத்ததைச் சொல்கிறார். அதையே நமக்கு ஒருவன் செய்தால் புலம்ப நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறார். இதை அவர் எப்போது எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். கதை ‘பியர்சன்ஸ்’ பத்திரிகையில் தொடராக வந்தது 1897-ல். அதே வருடம்தான் விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த 60-வது ஆண்டு விழா, லண்டன் முழுக்கத் தோரணம். அதே வருடம்தான் இந்தியாவில் பஞ்சம், எலும்பு துருத்திய மனிதர்கள். அந்தத் தோரணத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு ஆங்கிலேயர் தான் குடியிருந்த வோக்கிங்கை மாதாமாதம் காகிதத்தில் எரித்துக்கொண்டிருந்தார். நமக்கு அந்தச் செவ்வாய்க்காரன் ஒன்றும் புதியவன் அல்ல. நம்மிடம் அவன் அதற்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் முன்பே கப்பலில், கணக்குப் புத்தகத்தோடு வந்துவிட்டான்.

இப்போது படங்களுக்கு வாருங்கள். 1953-ல் ஜார்ஜ் பால் தயாரித்தது: கதை கலிபோர்னியாவுக்குப் போயிற்று. டாஸ்மேனியா போயே போயிற்று. நாவலில் ஒரு பாதிரியார் உண்டு, பயந்து உளறும் மனிதர். படத்தில் அவருக்குப் பதிலாக ஒரு பாதிரியார் சிலுவை பொறித்த புத்தகத்தை உயர்த்திப் பிடித்தபடி பகைவனை நோக்கி நடந்து புனிதச் சாவு சாகிறார். கடைசிக் காட்சி தேவாலயத்தில், பிரார்த்தனையோடு. (கிருமிகளைக் கடவுளின் ஞானத்தோடு சேர்த்துப் பேசும் இடம் நாவலிலேயே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை எழுதிய பேனாதான் டாஸ்மேனியாவையும் எழுதியது.) 2005-ல் ஸ்பீல்பெர்க் எடுத்தார். சாம்பல் படிந்த முகத்தோடு டாம் க்ரூஸ் ஓடும் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு வருடத்துக்கு முன் ஒரு பேரரசைக் கூண்டில் ஏற்றிய கதை, விவாகரத்தான அப்பா பிள்ளைகளிடம் நல்ல பெயர் வாங்கும் கதையாக முடிந்தது. தீப்பிழம்புக்குள் ஓடிய மூத்த பையன், பாஸ்டனில் பாட்டி வீட்டு வாசலில் சட்டை கசங்காமல் நிற்கிறான். இந்த வரிசையில் பார்த்தால் 2025-ன் டிரோன் திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது அல்ல. 70 வருடமாகப் படிப்படியாக இறங்கி வந்ததுதான்.

மீன் கடையில் வெட்டிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘முள்ளு எடுத்துத் தரவாண்ணே?’ என்று கேட்பார்கள். சரி என்று தலையாட்டினால் அத்தோடு போயிற்று. செதிள் போகும், செவுள் போகும், தலை போகும், நடுமுள் போகும், முள்ளோடு ஒட்டிய சதையும் போகும். கையில் மிஞ்சுவது எந்த மீன் என்று வெட்டியவருக்கே தெரியாது. மசாலா தடவிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். அறிவியல் புனைகதைகளை ஹாலிவுட் படமாக்குவதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் எடுத்து எறிவது செலவு பிடிக்கிற காட்சியை என்றுதான் ரொம்ப காலம் அப்பாவியாக நம்பிக்கொண்டிருந்தேன். செலவுக்கு அவர்கள் அஞ்சியதே இல்லை. இடியும் கட்டடத்துக்கு எத்தனை கோடி வேண்டுமானாலும் கொட்டுவார்கள். எடுத்து எறிவது பைசா செலவில்லாத ஒன்றை: பார்ப்பவனின் தொண்டையில் குத்தும் அந்த ஒரே கேள்வியை. ஒவ்வொரு படத்திலும், கணக்காக, தேடிப்பிடித்து அதை மட்டும்.

வெல்ஸின் இன்னொரு மீனையும் இதே கத்தியால்தான் வெட்டினார்கள். ‘தி டைம் மெஷின்’, 1895. காலப்பயணி 8,02,701-ம் ஆண்டுக்குப் போகிறான். மேலே எலாய் என்ற அழகான, சோம்பேறியான, மூளை மழுங்கிய கூட்டம் பழம் தின்று விளையாடுகிறது. கீழே பாதாளத்தில் மோர்லாக் என்ற வெளிறிய கூட்டம் இயந்திரங்களை ஓட்டுகிறது. இரவில் மேலே வந்து எலாய்களைப் பிடித்துத் தின்கிறது. யார் இவர்கள்? மேலே இருப்பவர்கள் பணக்காரர்களின் வாரிசுகள். கீழே இருப்பவர்கள், வெளிச்சம் படாத இடத்திலேயே வேலை வாங்கப்பட்டு வேறு பிராணியாகவே மாறிப்போன தொழிலாளிகளின் வாரிசுகள். வெல்ஸின் அம்மா சசெக்ஸில் அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் வேலைக்காரர்களை மேய்க்கும் வேலை பார்த்தவர். அந்த மாளிகையில் வேலைக்காரர்கள் துரைமார் கண்ணில் படாமல் போய்வரத் தரைக்கடியில் சுரங்கப் பாதைகள் உண்டு, இன்றும் போய்ப் பார்க்கலாம். மோர்லாக்குகளைப் பெற்றெடுக்க வெல்ஸுக்கு வேறு கற்பனை தேவைப்பட்டிருக்காது.

2002-ல் இதைப் படமாக்கியவர் சைமன் வெல்ஸ். ஆம், சொந்தக் கொள்ளுப்பேரன். தாத்தா வீட்டுச் சொத்து என்பதால் உரிமையோடு வெட்டினார்கள். அந்தக் கதை விவாதம் எப்படி நடந்திருக்கும் என்று எனக்குக் கற்பனை ஓடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில்தான் நடந்திருக்கும். ஆனால் காசு போடுகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பேசுவது கோடம்பாக்கம் பாஷைதான்.

‘என்னய்யா இது, தொழிலாளி வம்சம் பணக்கார வம்சத்தைத் தின்னுது?’

‘ஆமா சார். அதான் கதையே.’

‘படம் பார்க்க வர்றவன் யாரு? ஏ.சி.ல காலை நீட்டிக்கிட்டு பாப்கார்ன் தின்றவன். அவனைப் பார்த்து, நீதான்டா அந்த எலாய்னு சொன்னா நம்ம பொழப்பு என்ன ஆகும்?’

‘அப்ப இவங்க எப்படி ரெண்டா பிரிஞ்சாங்கன்னு காட்டுறது சார்?’

‘நிலாவை உடைச்சிடு.’

‘சார்?’

‘நிலா உடைஞ்சு விழுந்திச்சு, பாதிப் பேர் பள்ளத்துக்குள்ள போய்ட்டான். நிலா மேல எவனும் கேஸ் போட மாட்டான். ஆமா, அந்த ஆளு எதுக்கு மெஷினைக் கண்டுபிடிக்கிறான்?’

‘அறிவியல் ஆர்வம் சார்.’

‘அதெல்லாம் வேலைக்கு ஆவாது. காதலி செத்துட்டான்னு வை.’

உரையாடல் என் கற்பனை. ஆனால் நிலா உடைந்ததும் காதலி செத்ததும் கற்பனை இல்லை, படத்தில் இருக்கிறது. நிலவில் சுரங்கம் வெட்டி வெடி வைத்ததில் நிலா சிதறுகிறது. காதலியைத் திருடன் சுட, அவளை மீட்கத்தான் நாயகன் இயந்திரமே செய்கிறான். எட்டு லட்சம் வருடச் சுரண்டலால் விளைந்தது என்று தோன்றும்படி வெல்ஸ் எழுதியதை ஒரு விபத்து ஆக்கிவிட்டார்கள். விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி கூட அப்படித்தான் சொல்கிறது.

அடுத்து, அசிமோவுக்குச் செய்தது. இதைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குக் கை நடுங்குகிறது, வயது காரணமாக அல்ல.

ஐசக் அசிமோவ் ரோபோ கதைகளை எழுத வந்ததே ஒரு எரிச்சலில். மனிதன் இயந்திரம் செய்வான், இயந்திரம் எழுந்து அவனையே கொல்லும் என்ற அரைத்த மாவை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பயத்துக்கு ‘ஃப்ராங்கன்ஸ்டைன் மனச்சிக்கல்’ என்று பெயரே வைத்தார். கத்தி செய்பவன் பிடி வைக்கிறான், அதுபோல ரோபோ செய்பவன் பாதுகாப்பு வைக்க மாட்டானா என்று கேட்டார். 1942-ல் மூன்று விதிகளைத் தெளிவாக எழுதினார். 1950-ல் ‘ஐ, ரோபோ’ தொகுப்பாக வந்தது. ஒன்பது கதைகள். பெரும்பாலானவற்றில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. சூசன் கால்வின் என்ற கடுகடுப்பான ரோபோ உளவியலாளர் உட்கார்ந்து யோசிப்பார். அவர் யோசிப்பதுதான் அங்கே சண்டைக் காட்சி.

2004-ல் படம் வந்தது. ஆயிரக்கணக்கான ரோபோக்கள் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிய எழுந்து மனிதர்களை அடிக்கின்றன. எந்தக் கதையை ஒழிக்க ஒரு மனிதர் பேனாவைத் தூக்கினாரோ அதே கதை, அவருடைய பெயரோடு, அவருடைய தலைப்போடு. அவர் செத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. உண்மையில் இது ஜெஃப் விண்டார் என்பவர் ‘ஹார்ட்வயர்டு’ என்ற பெயரில் எழுதிய தனித் திரைக்கதை. பிறகுதான் அசிமோவின் பெயரை ஒட்டினார்கள். டைட்டிலில் ‘தழுவியது’ என்று போடக்கூட வாய் வரவில்லை, அசிமோவின் புத்தகம் ‘தூண்டியது’ என்கிற அளவில்தான் போட்டார்கள். என்னையும் பல விஷயங்கள் தூண்டுகின்றன. அதற்காக அவற்றின் பெயரை என் கதவில் எழுதி வைப்பதில்லை. இத்தனைக்கும் ஹார்லன் எலிசன், அசிமோவே மெச்சிய ஒரு திரைக்கதையை 1970-களின் கடைசியில் எழுதிக் கொடுத்திருந்தார். அது படமாகவில்லை. 1994-ல் புத்தகமாக அச்சேறியதோடு சரி.

படத்தில் கேமரா எதன்மேல் பாசத்தோடு நிற்கிறது தெரியுமா? வில் ஸ்மித் பெட்டியைத் திறந்து எடுக்கும் கான்வர்ஸ் ஷூவின் மேல். கதை நடப்பது 2035-ல். ஷூ 2004-ன் தயாரிப்பு. அதைப் பெருமையாகச் சொல்ல வசனமும் உண்டு. சூசன் கால்வினுக்கு யோசிக்க ஒரு நிமிடம் இல்லை, ஷூவுக்கு க்ளோசப் இருக்கிறது.

படத்தை ஆதரிக்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள்: வில்லியாக வரும் கணினி, மனிதகுலத்தின் நன்மைக்காக அதை அடக்கி ஆளப் பார்க்கிறதே, அது அசிமோவின் தொகுப்பில் உள்ள கடைசிக் கதையிலிருந்துதானே வந்தது என்பார்கள். ஆமாம், அங்கிருந்துதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். அந்தக் கதையில் உலகப் பொருளாதாரத்தை நடத்தும் இயந்திரங்கள் ஏற்கனவே ஆட்சியைக் கைப்பற்றிவிட்டன. சத்தமில்லாமல், ஒருவரையும் கொல்லாமல். பிடிக்காதவர்களுக்குப் பதவி லேசாகச் சறுக்கும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கும் சூசன் கால்வின் அலறவில்லை. போர்களும் பஞ்சங்களும் நிற்கும் என்றால் நல்லதுதானே என்கிறார். வாசகனுக்கு வயிற்றைப் பிசைகிறது. அவர் சொல்வது சரியா தப்பா என்று, கதை வந்து எழுபது வருடம் கழித்தும் என்னால் தீர்ப்பு எழுத முடியவில்லை. படத்துக்கு அந்தச் சங்கடமே இல்லை. கணினியின் மூளைக்குள் மருந்தைக் குத்தி அழித்துவிட்டார்கள். இன்று எதைப் படிப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது என்று இயந்திரம் நிஜமாகவே சத்தமில்லாமல் தீர்மானிக்கிறது. நாம் இன்னும் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படம் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தது.

‘ஃபவுண்டேஷன்’ கதைக்கு 2021-ல் ஆப்பிள் டி.வி. செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் ரத்த அழுத்தம் ஏறும். அசிமோவின் மனோசரித்திரம் என்ற கற்பனை அறிவியல் கோடானுகோடி ஜனங்களை மட்டுமே கணிக்கும், தனி மனிதன் அதில் தூசு. வரலாற்றை நாயகர்கள் நடத்துவதில்லை என்பதே அதன் உயிர். தொடரில் இரண்டு பெண்கள் பிறவியிலேயே வரம் பெற்றவர்களாக வந்து வரலாற்றை நடத்துகிறார்கள். நாவலில் சால்வர் ஹார்டின், துப்பாக்கியைத் தொடாமல் மூளையால் எதிரியை மடக்கும் மேயர். தொடரில் தோளில் துப்பாக்கியோடு காவல் சுற்றுகிறார். அவரைப் பெண்ணாக மாற்றியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ரொம்ப சந்தோஷம். துப்பாக்கியைக் கொடுத்ததில்தான்.

இந்த இடத்தில் என் கூட்டாளிகளான ரசிகர்களிடமும் ஒரு வார்த்தை. நம் ஆட்களுக்குக் கோபம் வரும் இடங்கள் வேடிக்கையானவை. புத்தகத்தில் கண்ணின் நிறம் நீலம், படத்தில் பழுப்பு என்று மூன்று நாள் சண்டை போடுவார்கள். ஒரு கறுப்பின நடிகரை எடுத்தால் ‘ஆசிரியருக்குத் துரோகம்’ என்று குதிப்பார்கள். அதே ஆட்கள், ஹைன்லைன் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் ஜுவான் ரிக்கோவை வீட்டில் தகாலோக் பேசும் பிலிப்பினோவாக எழுதியதையும், 1997 படத்தில் அவன் பொன்னிற முடி பளபளக்கும் வெள்ளைக்காரனாக வந்ததையும் கண்டுகொண்டதில்லை. (அந்த விஷயத்தில் மட்டும் இயக்குநர் வெர்ஹோவனை மன்னிப்பேன். போர்வெறியைக் கிண்டல் செய்ய அவருக்கு விளம்பரப் பட முகம் தேவைப்பட்டது. புத்தகத்தை அவர் முழுசாகப் படிக்கவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். படிக்காமலேயே புத்தகத்தில் இல்லாத ஒரு முள்ளைப் படத்தில் வைத்தார். நிறையப் பேர் அது கிண்டல் என்றே தெரியாமல் கைதட்டினார்கள் என்பது வேறு கதை.)

நான் புத்தகப் பூசாரி அல்ல, வரி மாறினால் தீட்டு என்பவனும் அல்ல. தார்க்கோவ்ஸ்கி 1979-ல் ‘ஸ்டாக்கர்’ எடுத்தபோது ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் நாவலில் பாதிக்கு மேல் தூக்கிப் போட்டார். சகோதரர்களே உட்கார்ந்து மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். உன் ஆழ்மன ஆசை நிறைவேறும் அறை இதோ, உள்ளே போகத் தைரியம் இருக்கிறதா என்ற முள் அப்படியே இருக்கிறது. டெனி வில்னுவ் தன் ‘ட்யூன்’ இரண்டாம் பாகத்தில் நாயகனின் காதலி சானியை நாவலில் இல்லாத அளவுக்கு அவநம்பிக்கைக்காரியாக மாற்றினார். ரட்சகனை நம்பாதே என்று நாவலாசிரியர் ஹெர்பர்ட் கரடியாய்க் கத்தியும் ஜனங்கள் பால் என்ற அந்த நாயகனைக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடைக் கெடுக்க 1969-ல் இன்னொரு நாவலே எழுத வேண்டி வந்தது. சானியின் முறைப்பு அந்த எச்சரிக்கைக்குச் செய்த நேர்மையான மரியாதை. அதே நாவலை லிஞ்ச் எடுத்த 1984 படத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பால் கண்ணை மூடினான், பாலைவனத்தில் மழை கொட்டியது, சுபம். தண்ணீர் பட்டால் மணற்புழு சாகும், புழு செத்தால் மசாலா இல்லை, மசாலா இல்லாவிட்டால் விண்வெளிப் பயணமே இல்லை என்று ஒரு கிரகத்தின் சூழலியலையே ஹெர்பர்ட் கட்டி வைத்திருந்தார். ஒரே தூறலில் பேரரசின் போக்குவரத்துத் துறையைக் கழுவிவிட்டார்கள்.

வில்னுவையும் முழுசாக விட முடியவில்லை. நாவல் முழுக்கப் பால் பயந்து நடுங்கும் ‘ஜிகாத்’ என்ற சொல், படத்தில் ‘புனிதப் போர்’ ஆகிவிட்டது. ஜோர்டானின் வாதி ரம் பாலைவனத்தில் படம் பிடித்தார்கள். அரபு மணலுக்கு அனுமதி உண்டு, அரபுச் சொல்லுக்கு இல்லை.

முள்ளைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பமும் உண்டு. அடுத்தவன் தொண்டையில் குத்தும் முள் என்றால் வாழை இலை போட்டுப் பரிமாறுவார்கள். லியு சிஷினின் ‘மூன்று உடல் சிக்கல்’ நாவல் சீனக் கலாசாரப் புரட்சியின் ரத்தத்தில் நனைந்தது. மகள் கண்ணெதிரே பேராசிரியரான அப்பாவை அடித்தே கொல்கிறார்கள். அங்கிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது. 2023-ல் சீனாவின் டென்சென்ட் முப்பது பகுதிகள் எடுத்தது. புத்தகத்துக்குப் பயங்கர விசுவாசம், அந்தக் காட்சியை மட்டும் மழுப்பிவிட்டது. 2024-ல் நெட்ஃப்ளிக்ஸ் எடுத்தது. அந்தக் காட்சியை முதல் காட்சியாகவே, நின்று நிதானமாகக் காட்டியது. மற்றதையெல்லாம் மூட்டை கட்டி ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டு போனது. சீனாக்காரன் தன் முள்ளைப் பிடுங்கினான், அமெரிக்காக்காரன் சீனாக்காரனின் முள்ளை மட்டும் விட்டு வைத்தான். இருவருக்கும் தைரியசாலி என்ற பெயர்.

நம் ஊரை விட்டுவிட்டால் நான் யோக்கியன் இல்லை. ‘எந்திரன்’ 2010. எழுதியவர்களில் ஒருவரான சுஜாதா, ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொண்டு தமிழனை யோசிக்க வைத்தவர், படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே காலமானார். அதில் ஒரு காட்சி. தீப்பற்றிய குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ரோபோ அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கேமராக்கள் முன்னால் நிறுத்துகிறது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்கிறது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்ன என்று தெரியவில்லை. உயிரைவிட மானம் பெரிது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். குற்றவாளி யார், ரோபோவா, கேமராவா, நாமா? உலகத்தின் எந்த ரோபோ கதைக்கும் குறையாத கேள்வி, தமிழில், நம் தொண்டைக்கென்றே செய்த முள். படம் அதைச் சில நிமிடங்களில் தாண்டிவிட்டது. மிச்ச நேரத்தில் ரோபோ கதாநாயகியின் மேல் ஆசைப்பட்டது. பிறகு நூற்றுக்கணக்கான ரோபோக்கள் ஒன்று சேர்ந்து பந்தானது, பாம்பானது. மறுநாள் டீக்கடையில் எல்லாரும் பேசியது பாம்பைப் பற்றி. நானும் பாம்பைப் பற்றித்தான் பேசினேன்.

இதைச் சொல்லும்போதுதான் கத்தி பிடித்தவனை மட்டும் திட்டுவது சரியில்லை என்று படுகிறது. முள் எடுக்கச் சொன்னது யார்?

ரிச்சர்ட் மாத்திசனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’ 1954-ல் வந்தது. ஊரே ரத்தக்காட்டேரிகளாகிவிட, மிஞ்சிய ஒரே மனிதன் நெவில் பகலில் வீடு வீடாகப் போய் அவற்றைக் கொல்கிறான். கடைசியில் தெரிகிறது, அவற்றில் ஒரு பகுதி நோயோடு வாழப் பழகி, புதிய சமுதாயம் கட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் தூங்கும்போது வந்து பெண்டாட்டி பிள்ளைகளைக் கொன்றுவிட்டுப் போகும் பூதம் நெவில்தான். அவர்களுடைய பாட்டிகள் இனி இவன் பெயரைச் சொல்லிக் குழந்தைகளை மிரட்டுவார்கள். தலைப்பின் அர்த்தம் அதுதான். 2007-ல் படமாக்கினார்கள். கதாநாயகன் மறுபடி வில் ஸ்மித். எழுதியவர்களில் ஒருவர் அகிவா கோல்ட்ஸ்மன், ‘ஐ, ரோபோ’விலும் கை வைத்த அதே புண்ணியவான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் அவர்கள் எடுத்த முடிவு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. நோயாளிகளின் தலைவன் கொலைவெறியோடு வரவில்லை, ஆராய்ச்சி மேசையில் கட்டிக் கிடக்கும் தன் துணையைக் கேட்டு வருகிறான். நெவில் சுவரில் தான் ஒட்டிய படங்களைப் பார்க்கிறான், அத்தனையும் தன் ஆராய்ச்சியில் செத்தவர்கள். மன்னிப்புக் கேட்கிறான்.

இந்த முடிவை முன்கூட்டி ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. திரும்பப் போய் இன்னொன்று எடுத்தார்கள். அதில் நெவில் கையெறி குண்டோடு பாய்ந்து எல்லாரையும் கொன்று தானும் செத்து, மருந்தைக் கண்டுபிடித்த மகான் ஆகிறான். தலைப்பு அதே தலைப்பு, அர்த்தம் தலைகீழ். அந்தக் குண்டு வெடித்தபோது சென்னையில் ஒரு தியேட்டரில் எழுந்து நின்று விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். புத்தகத்தை நான் அப்போது படித்திருக்கவில்லை என்பது சாக்கு. படித்திருந்தாலும் அடித்திருப்பேன்.

இப்போது இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். குண்டோடு செத்தவனை வைத்து எப்படி எடுப்பது? அதனால் திரையரங்கில் ஓடிய முடிவை மறந்துவிட்டு, வெட்டி எறிந்த முதல் முடிவிலிருந்து கதையைத் தொடரப் போவதாகக் கோல்ட்ஸ்மன் சொல்லியிருக்கிறார். 2007-ல் குப்பைக் கூடையில் போட்ட முள்ளைக் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். மனசாட்சி குத்தியதாக யாரும் நினைக்க வேண்டாம், கல்லாப்பெட்டி குத்தியிருக்கிறது.

போன கோடை விடுமுறையில் அக்கா மகன் வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் வருடம். படத்தை ஐந்தாறு முறை பார்த்தவன். மாத்திசனின் புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். நான் வாங்கியது படம் வந்த பிறகு போட்ட பதிப்பு, அட்டையில் எழுத்தாளரின் பெயரைவிடப் பெரிதாக நடிகரும் நாயும். இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. குத்திவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எப்படிடா இருந்தது என்றேன்.

‘நல்லாத்தான் இருந்துச்சு மாமா. ஆனா முடிவைத் தப்பா பிரிண்ட் பண்ணிட்டாங்க.’